தழும்புக்கு ஒரு கடிதம்

டொக்டர் படிப்பும் பயிற்சிக் காலமும் முடிந்த கையோடு, வன்னியில் ஏதாவது ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வந்து, "உனக்கென்ன விசரே?" என்று மட்டும் கேட்டார். கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். வயல் வரம்பில் நாலடி நடந்தால் விழுந்துவிடுவேன். ஆனால் அந்த வயதில் யாராவது வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வேன். விண்ணப்பித்தேன். சண்டையால் பாதை பூட்டியிருக்கிறது, பிறகு பார்க்கலாம், அடுத்த மாதம் வாருங்கள் என்று இழுத்தடித்தார்கள். வீட்டில் சும்மா இருந்து அம்மாவோடு சண்டை பிடிக்க முடியாமல் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியில் சேர்ந்தேன். அதன் சொந்தக்கார டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். கதவுத் திறப்பையும், அரை அலுமாரி மருந்தையும், மிஸ்ஸியையும் என்னிடம் விட்டுப் போனார்.

மிஸ்ஸி என்றால் தாதி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். கொச்சிக்கடையில் பிறந்தவள், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, சிங்களமும் தமிழும் ஒரே வசனத்தில் வரும். மருந்து கட்டுவது, ஊசி போடுவது, வாசலில் நிற்பவர்களில் யாரை முதலில் உள்ளே விடுவது எல்லாம் அவள்தான். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும் என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

விடிந்தால் துறைமுகத்து ஆட்கள் வருவார்கள். நாரிப்பிடிப்பு, கை சுளுக்கு, வேலைக்குப் போகாததற்கு ஒரு துண்டு. பிறகு மட்டக்குளிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்கள், பிள்ளைகளின் சிரங்கோடு. பத்து மணிக்குமேல் லொட்ஜ் ஆட்கள். டிஸ்பென்சரியைச் சுற்றி மூலைக்கு மூலை லொட்ஜ் இருந்த காலம் அது. வன்னியிலிருந்து பாஸ் என்ற பயண அனுமதி எடுத்து வந்தவர்கள், கண் ஆபரேஷனுக்கு வந்தவர்கள், வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போகக் காத்திருப்பவர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள். ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். நான் போக நினைத்த கிராமங்கள் எல்லாம் அந்தப் படிக்கட்டுகளில்தான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தன. அப்படித்தான் கிராமத்து வைத்தியத்தைக் கொட்டாஞ்சேனையில் பழக வேண்டி வந்தது.

பழகினேன் என்று சொல்வது பெருமை. முதல் இரண்டு மாதமும் ஒருவரும் என்னை நம்பவில்லை. அவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டை நீட்டுவார்கள். நான், "என்ன வருத்தம்?" என்று கேட்பேன். வருத்தத்தை நாடி பார்த்து டொக்டர் சொல்ல வேண்டும், தாங்களே சொல்வதென்றால் டொக்டர் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. நோயாளி பேசமாட்டார், கூட வந்த மைத்துனர் பேசுவார். பெண்கள் சட்டைக்கு மேலாகத்தான் நெஞ்சைக் காட்டுவார்கள். எல்லாம் முடிந்து மருந்தையும் எழுதிய பிறகு, "என்ன பத்தியம் பிள்ளை?" என்று கேட்பார்கள். "ஒரு பத்தியமும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம்" என்பேன். அவர்கள் முகம் விழுந்துவிடும். எல்லாம் சாப்பிடலாம் என்கிற டொக்டரின் மருந்தை யார் குடிப்பார்கள்? வெளியே போனதும் மிஸ்ஸி குளிசையைக் கட்டிக்கொண்டே, "தக்காளி, கத்தரிக்காய், அன்னாசி, இறால் ஒண்டும் வேணாம், ஒரு கிழமைக்கு" என்று சொல்வது கேட்கும். அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். கேட்டால், "ஒரு கிழமை கத்தரிக்காய் திங்காட்டி சாகமாட்டாங்க டொக்டர்" என்பாள்.

மூன்றாவது மாதம் நாடியையும் முதலில் பார்த்தேன், பத்தியமும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மருந்தைக் குடித்தார்கள், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் விடவில்லை. கையெழுத்து. என் பெயருக்குக் கீழே ஒரு பொய் இருக்கக்கூடாது என்று எனக்கொரு கொள்கை. பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிடித்த பாடமே காயங்களைப் பற்றியதுதான். கத்தி என்ன செய்யும், பொல்லு என்ன செய்யும், எந்தக் காயம் எத்தனை நாள் பழையது, நீதிமன்றத்தில் ஒரு டொக்டர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. அதில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். அந்தத் தலைக்கனம் கொஞ்ச நஞ்சமல்ல.

அவர்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தாய்க்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், வெயிலில் நின்று வேலை செய்த உடம்பு, இரண்டு கண்ணிலும் வெண்படலம். மகன் அவளது முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். பத்தொன்பது வயது. கிளிநொச்சிக்கு அங்கால் ஒரு குடியேற்றக் கிராமம் என்றாள். கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். தனியாக வர முடியாததால் மகனைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். கண்ணைத்தான் காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் டோர்ச்சை எடுத்தேன்.

"எனக்கில்லைப் பிள்ளை," என்றாள். "இவன்ரை காலிலை ஒரு தழும்பு கிடக்கு. அதுக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேணும். லொட்ஜிலை எல்லாரும் எடுத்து வைச்சிருக்கினம்."

எனக்கு விளங்கவில்லை. மிஸ்ஸிதான் விளக்கினாள். சுற்றிவளைப்பிலோ பஸ் மறிப்பிலோ வடக்குப் பையன் ஒருவன் அகப்பட்டால் முதலில் அடையாள அட்டை, பிறகு பொலிஸ் பதிவு, அதற்குப் பிறகு உடம்பு. சட்டையைத் தூக்கச் சொல்வார்கள். காயத்தழும்பு இருந்தால் சண்டையில் பட்டது என்று கொண்டுபோவார்கள். அதனால் தழும்பு உள்ளவர்கள் ஒரு டொக்டரிடம் கடிதம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள், இன்ன தழும்பு இன்ன காரணத்தால் வந்தது என்று. போன டொக்டர் இருபது முப்பது எழுதியிருக்கிறார் என்றாள். அவள் அதை, வேலைக்குப் போகாததற்கு எழுதும் துண்டைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

பையனைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தேன். இடது தொடையின் வெளிப்பக்கம் சுருங்கிய சின்னத் தழும்பு. பின்பக்கம் உள்ளங்கை அகலத்தில் இன்னொன்று, தாறுமாறாகத் தைத்தது. பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே போன இடம் இது, வெளியே வந்த இடம் அது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி எனக்கு உற்சாகம் வந்தது. இதைச் சொல்ல இப்போது கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

"ஷெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம் டொக்டர்," என்றான் பையன். அவன் குரல் அப்போதுதான் கேட்டது.

தாய் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். "பதின்மூண்டு வயசிலை. முத்தத்திலை மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நிண்டவன். மாடும் செத்துப்போச்சு. விறைக்கிற ஊசியும் இல்லாமல்தான் தைச்சவை."

பையனைத் தாயிடம் போகச் சொல்லிவிட்டு, மேசைக்கு வந்து கடிதத்தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். இடது தொடையில் பழைய, ஆறிய தழும்புகள் இரண்டு, அளவு இவ்வளவு. உலோகத் துண்டொன்று ஊடுருவிச் சென்றதற்குப் பொருந்துகின்றன, பெரும்பாலும் ஷெல் சிதறல். காயம் பட்டபோது பதின்மூன்று வயதுச் சிறுவனாக வீட்டு முற்றத்தில் நின்றிருந்தார் என்று தாயார் கூறுகிறார். எழுத எழுத எனக்கே பிடித்துப்போனது. எதை நான் கண்டேன், எதை நான் கேட்டேன் என்று பிரித்து எழுத வேண்டும் என்பதுதான் படித்த பாடம். அதை வடிவாகச் செய்திருந்தேன்.

மிஸ்ஸி மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே வாசித்துவிட்டாள். என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டொக்டர், இதக் குடுக்காதீங்க. சைக்கிள்ல போகக்குள்ள முள்ளுக்கம்பில விழுந்தது எண்டு போடுங்க. போன டொக்டர் அப்பிடித்தான் போடுவாரு."

"முள்ளுக்கம்பி இப்பிடிக் கிழிக்காது. தெரிஞ்ச டொக்டர் ஒராள் பார்த்தால் சிரிப்பார்."

"செக் பொயின்ட்ல டொக்டர்மார் நிக்கிறதில்ல."

"அவன் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை பட்டது. பிழை அவனிலை இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் அவனுக்கு ஏன் பயம்? பொய் எழுதி அது பிடிபட்டால்தான் பயம்."

"பொய்ய யாரு கண்டுபிடிக்கிற?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "மிஸ்ஸி, நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போய்க் குளிசை எண்ணத் தொடங்கினாள். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

கடிதத்தில் கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். தாய் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கண் தெரியாவிட்டாலும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். மகன் அதை நாலாக மடித்துப் பொலித்தீன் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான். "நீங்கள் நல்லாயிருக்கோணும்," என்றாள் தாய். எனக்கும் அன்று மனம் நிறைந்திருந்தது. பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, இந்தச் சனத்துக்கு ஒரு நேர்மையான டொக்டர் எவ்வளவு தேவை என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது தாய் டிஸ்பென்சரி வாசலில் கிடந்த மர வாங்கில் தனியாக இருந்தாள். பக்கத்தில் மகன் இல்லை. மிஸ்ஸி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்போது ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

முந்தின நாள் கண்ணாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். எல்லோரையும் இறக்கி அட்டை பார்த்தார்கள். மகனின் அட்டையில் ஊர்ப் பெயரைக் கண்டு அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவனுக்குச் சிங்களம் தெரியாது. அவர்கள் என்ன கேட்டார்களோ, தாய்க்கும் விளங்கவில்லை.

"காற்சட்டையைக் கழட்டச் சொல்லிக் கேட்டவையோ?" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அவன் தானாத்தான் எடுத்துக் குடுத்தவன். டொக்டர் எழுதின கடிதம், காட்டினால் விட்டிடுவினம் எண்டு."

ஆமிக்காரனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியவில்லை. தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டான். அவர் வாசித்தார். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். பஸ் போய்விட்டது. கண் மங்கிய ஒரு மனுஷி நடு றோட்டில் நின்று மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆட்டோக்காரர் ஒருவர் லொட்ஜின் பெயரைக் கேட்டுக் கொண்டுவந்து விட்டார்.

நீளக் காற்சட்டைக்குள் இருந்த தழும்பு. அவர்கள் காலைப் பார்க்கவே இல்லை. என் கடிதத்தைத்தான் பார்த்தார்கள்.

"இன்னொரு கடிதம் எழுதித் தாங்கோ பிள்ளை," என்றாள் தாய். "நீங்கள் வந்து சொன்னால் விடுவினம்."

மிஸ்ஸியும் லொட்ஜ்காரரும் விசாரித்து அவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. தாயைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு நல்ல சிங்களம் வரும், நல்ல சாரி உடுத்தியிருந்தேன், டொக்டர் என்று சொன்னால் மரியாதை கொடுப்பார்கள் என்று தெரியும். மரியாதையும் கொடுத்தார்கள். பொறுப்பதிகாரி எழும்பி நின்று, "வாடிவென்ன டொக்டர்" என்று கதிரையைக் காட்டினார். தாய்க்குக் கதிரை இல்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவரது மேசையில் என் கடிதம் இருந்தது. மடிப்பு நீவி, ஓரிரு இடத்தில் சிவப்புப் பேனையால் கீறியிருந்தார்கள். அவர் தணிந்த குரலில்தான் பேசினார். நாங்கள் சிங்களத்தில் கதைத்தோம், தாய்க்கு ஒரு சொல்லும் விளங்காது.

"இதை நீங்கள்தானே எழுதினீர்கள், டொக்டர்?"

"ஆம். அதில் தெளிவாக எழுதியிருக்கிறேன். வீட்டு முற்றத்தில் நின்றபோது பட்ட காயம். அவன் சின்னப் பையன்."

"இல்லை," என்றார். கடிதத்தை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். "ஷெல் சிதறல் என்பது நீங்கள் சொன்னது. டொக்டர் சொன்னால் நாங்கள் நம்பத்தானே வேண்டும். வீட்டு முற்றம் என்பது அம்மா சொன்னது. எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வார்கள்."

கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதி, அவனைக் கொண்டுபோகும் பாதியை என் கையெழுத்தாலும், அவனைக் காப்பாற்றும் பாதியைக் கண் தெரியாத ஒரு தாயின் வாயாலும் சொல்லியிருந்தேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

"நான் வேறு கடிதம் எழுதித் தருகிறேன். அவசரத்தில் பார்த்தேன். அது முள்ளுக்கம்பிக் காயமாகவும் இருக்கலாம்," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு பொய்யைச் சொன்னேன், அதுவும் பிந்திப்போய்.

அவர் சிரிக்கவில்லை. "எழுதலாம் டொக்டர். எழுதினால் ஒரே காலுக்கு ஏன் இரண்டு கடிதம் என்று நான் உங்களிடம் ஒரு வாக்குமூலம் எடுக்க வேண்டி வரும். நீங்கள் வெள்ளவத்தையில்தானே இருக்கிறீர்கள்? அப்பா அம்மாவோடு?"

என் விலாசத்தை நான் சொல்லியிருக்கவில்லை. நான் எழுதவில்லை. எழும்பி, நன்றி சொல்லி, வெளியே வந்துவிட்டேன். நன்றி சொன்னேன், அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கும். படியில் தாய் என் கையைப் பிடித்து, "என்ன சொன்னவர் பிள்ளை?" என்று கேட்டாள். "விசாரிச்சிட்டு விடுவினமாம்," என்றேன்.

அடுத்த கிழமை அவனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

தாய் ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள். லொட்ஜில் யாராவது ஒரு பெண் கொண்டுவந்து விடுவாள். வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லா நோயாளிகளும் போகும்வரை காத்திருந்து, "ஏதும் தெரிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்பாள். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. குறை சொல்லவில்லை. "நீங்கள் உள்ளதைத்தானே எழுதினியள்," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஒருமுறை மிஸ்ஸியிடம், "அவவைப் பின்னேரம் வரச் சொல்லுங்கோ, காலமை வேலையாயிருக்கு," என்று சொல்லிப் பார்த்தேன். மிஸ்ஸி என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்களே சொல்லுங்க டொக்டர்," என்றாள். சொல்லவில்லை.

கண் ஆபரேஷனுக்கு மிஸ்ஸிதான் அவளைக் கூட்டிப் போனாள். ஒரு கண் நன்றாக வந்தது. அவள் பாஸ் முடிந்ததும் அதை நீட்டிக்க, "தொடர்ந்து சிகிச்சை தேவை" என்று நான் கடிதம் கொடுத்தேன். இல்லாத நீரிழிவைக் கொடுத்தேன், இல்லாத இருதய வருத்தத்தைக் கொடுத்தேன். மகன் வெளியே வரும்வரை அவள் கொழும்பில் நிற்க வேண்டுமே. தழும்புக் கடிதங்களும் எழுதத் தொடங்கினேன். முள்ளுக்கம்பி, நாய்க்கடி, கொதித்த எண்ணெய், மரத்திலிருந்து விழுந்தது. "தாயார் கூறுகிறார்" என்பதே கிடையாது. எல்லாம் நான் கண்ட மாதிரி, நானே சத்தியம் பண்ணுகிற மாதிரி. பாடத்தில் முதலாவதாக வந்தவள் அல்லவா, எந்தத் தழும்புக்கு எந்தப் பொய் பொருந்தும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குள் வன்னி ஆஸ்பத்திரியொன்றுக்கு நியமனமும் வந்தது. நான் போகவில்லை. பயம்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அந்த மனுஷி வாங்கில் இருக்கும்வரை என்னால் எங்கும் போக முடியாது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

பதினொரு மாதம் கழித்து அவனை விட்டார்கள். வழக்கில்லை, குற்றமில்லை, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை அல்ல. வாசலில் தாய் நின்றாள், இப்போது அவள்தான் அவனது முழங்கையைப் பிடித்திருந்தாள். எனக்கு முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. கதிரையில் பின்பக்கம் சாயாமல் நுனியில் இருந்தான். மிஸ்ஸி அவனைக் கண்டதும் வெளியே போய்விட்டாள். கொஞ்சநேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு பிளேன்டீ கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பதினொரு மாதமாக வசனம் வைத்திருந்தேன். தாய் அதற்கு இடம் தரவில்லை.

"பாஸ் கிடைச்சிட்டுது பிள்ளை. புதன்கிழமை ஊருக்குப் போறம். வழியிலை எத்தினை இடத்திலை மறிப்பினம் எண்டு தெரியேல்லை," என்றாள். "இவனுக்கு ஒரு கடிதம் வேணும்."

"தொடைக்கு நான் வேறை மாதிரி எழுதித் தாறன் அம்மா. முந்தி எழுதின மாதிரி இல்லை."

"தொடைக்கு மட்டுமில்லை," என்றாள். அவனது சட்டைப் பொத்தானைத் தானே கழற்றினாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக் கொடுத்தான். "கண் நல்லாத் தெரியுது பிள்ளை இப்ப. நேற்று இவன் முழுகேக்கைதான் பார்த்தனான்."

முதுகிலும் தோளிலும் வட்டம் வட்டமாகத் தழும்புகள். எல்லாம் ஒரே அளவு, சிகரெட் நுனியின் அளவு. சில ஆறி வெளுத்திருந்தன, சில இன்னும் கறுப்பு. என்ன அது, எதால் வந்தது, எத்தனை மாதம் பழையது எல்லாம் எனக்குத் தெரியும். எந்த நீதிமன்றத்திலும் நின்று சொல்லுவேன். எந்த நீதிமன்றம் கேட்கப்போகிறது? போய்க் கதிரையில் உட்கார்ந்து கடிதத்தாளை எடுத்தேன். தொடைக்கு முள்ளுக்கம்பி என்று முதல் வரியை எழுதினேன். முதுகுக்குப் பொருந்துவது ஒன்றுதான் இருந்தது.

"சின்னனிலை இவருக்கு அம்மாள் வந்ததோ?" என்று தாயைக் கேட்டேன். அம்மை நோயை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் வேப்பிலை கட்டி, அம்மனே வந்திருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்திக் கதைக்கும் வருத்தம்.

"இவனுக்கு வரேல்லை," என்றாள் உடனே. "மூத்ததுகள் ரெண்டுக்கும் வந்தது. இவனுக்கு அம்மாள் வரவே இல்லை."

நான் பேனையை முதல் வரிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகனின் முதுகைப் பார்த்தாள். வலது கை தானாக எழும்பி இரண்டு கன்னத்திலும் மெதுவாகத் தட்டிக்கொண்டது.

"வந்தது எண்டு போடுங்கோ," என்றாள்.

ஏழு வயதில் அம்மை வந்து ஆறிய தழும்புகள், நானே பரிசோதித்தேன், சந்தேகமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். அவள் மகனின் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கேட்டனியே? ஏழு வயசிலை உனக்கு அம்மாள் வந்தது. ஆர் கேட்டாலும் மாறிச் சொல்லிப்போடாதை."

"ஓம் அம்மா," என்றான்.